நிற்காத கால்

மலையூரான கம்போங் ராஜாவில் பெண் பார்க்க உட்கார்ந்ததிலிருந்து விஜயனின் கால்கள் ஓயவில்லை. மேசை ஆடிய ஆட்டத்தில் தட்டிலிருந்த கேசரி மலைக்குக் கீழேயுள்ள ரிங்லெட் ஊர் வரை குதித்துப் போய்விடும் போலிருந்தது.

"காலை அடக்குடா. இதே காலால ரெண்டு இடம் போச்சு. எனக்கு அலுத்துப்போச்சு," என்று முணுமுணுத்தாள் அவன் அம்மா, தேயிலைத் தோட்ட ஆபீஸ் கிராணியின் மனைவி அம்மாக்கண்ணு.

பெண்ணின் அப்பா பழனியப்பன் முகத்தைச் சுளித்தார். "தம்பிக்கு வலிப்பு ஏதும் இருக்காம்மா?"

"ஐயோ, இல்லீங்க! லண்டன் யுனிவர்சிட்டியில ராப்பகலா கணக்குப் படிக்கிறான். லீவுக்கு வந்தும் அந்த அசதி தீரல லா."

"எம் பொண்ணும்தான் அங்க கணக்குப் படிக்குது. அது கால் இப்படியா ஆடுது?"

காப்பியோடு வந்த பெண் அம்சவல்லி, விஜயனின் கால்களையே உற்றுப் பார்த்தாள்.

"இடது கால் லேட்டாகுது விஜயன்! கை சரியா வாசிச்சாலும் கால்கட்டையைத் தப்பா மிதிச்சா லண்டன்ல நாம ஜோடியா வாசிக்கிற ஆர்கன் பரீட்சையில ரெண்டு பேரும் ஃபெயில் லா!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விஜயனின் கால்கள் சட்டென்று நின்றன.

"ஆர்கனா? அப்ப கணக்கு?" என்று எழுந்தார் பழனியப்பன்.

அம்மாக்கண்ணு அலுப்போடு காப்பியை எடுத்துக்கொண்டாள்.

"உட்காருங்க சம்பந்தி. ரெண்டு பொய்யும் ஒரே வீட்டுல இருக்கட்டும்."