ஞாயிறுகளைச் சேமித்தவர்கள்

கம்பெனி எல்லோரிடமும் மாதம் ஒரு ஞாயிறைப் பிடித்துக்கொள்ளும். சனி இரவு படுத்தால் திங்கள் காலைதான் விழிப்பு. அந்த நாள் ஓய்வுக்காலத்தில் திரும்பக் கிடைக்கும். விரும்பியவர்கள் கூடுதலாகவும் போடலாம். அங்கேயே வேலை செய்த தேன்மொழி, தன் கணவன் அருள்வேலையும் தன்னைப் போலவே எல்லா ஞாயிறுகளையும் போடச் சொன்னாள்.

"வயசான பிறகு தினமும் மீன்குழம்பு வச்சு, சும்மா பேசிக்கிட்டு இருக்கலாங்க."

"அப்ப முள்ளு எடுக்கக் கண்ணு தெரியுமாடி?" என்று அருள்வேல் சிரித்தான். ஆனாலும் அவனும் போட்டான். கல்யாணமான ஆறு வருடத்தில் இருவரும் ஒரு ஞாயிறுகூட விழித்திருந்ததில்லை.

போன மாதம் தேன்மொழி காய்ச்சலில் இறந்துபோனாள்.

சேமிப்பு அலுவலகத்தில் அதிகாரி அம்மாள் தணிந்த குரலில் பேசினார். "துணை தவறிட்டா ரெண்டு பேர் சேமிப்பையும் உடனே கொடுத்திடுவோம் தம்பி. அவங்க ஞாயிறு, உங்க ஞாயிறு எல்லாம் நாளையிலிருந்து வரிசையா வரும். நீங்க வேலைக்கே போக வேண்டாம்."

அருள்வேல் அந்த நாட்களை நினைத்துப் பார்த்தான். தினமும் அந்த வீட்டில், தனியாக, விழித்தபடி.

"மேடம்... திங்கட்கிழமை எப்ப வரும்?"

அவர் திரையைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம், தீபாவளிக்கு அப்புறம்."