டீச்சர் வீட்டு ட்ரையர்

“மிஷின் ஓடலைக்கா” என்றாள் ஜெசி டீச்சர், கதவைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு.

குணசுந்தரியின் கையில் பக்கெட். பக்கெட்டில் மகன் அஜித்குமாரின் யூனிஃபார்ம், சொட்டச் சொட்ட. நாளைக் காலையில் அவனுக்குச் செய்யார் கம்பெனியில் முதல் நாள் வேலை. யூனிஃபார்ம் இல்லாவிட்டால் கம்பெனி பஸ்ஸிலேயே ஏற்ற மாட்டார்கள். கொடுத்திருப்பதோ ஒரே ஒரு செட். அதையும் போட்டு அழகு பார்த்துக்கொண்டே தெருவில் நடந்த மகாராஜா, மழைச் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டான்.

“நல்லாத்தானே இருந்துச்சு டீச்சர்?”

“என்னமோ தெரியலைக்கா. சூடே வர மாட்டேங்குது.”

கதவு சாத்திக்கொண்டது. பக்கத்து வீடுதான் குணசுந்தரி வீடு. அவள் உள்ளே நுழைவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் உர்ரென்று சத்தம் கேட்டது. துணி உலர்த்தும் ட்ரையர் ஓடுகிற சத்தம்.

“கேட்டியாய்யா? ஓடாத மிஷின் எப்படி உறுமுது பாரு! நம்ம புள்ளைக்கு வேலை கெடைச்சது அவளுக்கு வயிறு எரியுது.”

தறியில் உட்கார்ந்திருந்த புருஷன் பச்சையப்பன் தலையைத் தூக்கவே இல்லை. “வுடு குணா. இன்னா ரிப்பேரோ இன்னாவோ.”

“நீ என்னிக்கு எனக்குப் பரிஞ்சு பேசியிருக்கே?”

புருஷன் கேட்காவிட்டால் என்ன, தெரு கேட்டது. குழாயடியில் கேட்டது, மாவு மில்லில் கேட்டது. “எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டா அந்த டீச்சர். ஞாயித்துக்கிழமை ஆனா சர்ச்சுக்கு மட்டும் போயிகினு இருக்கா” என்று கடைக்காரி புஷ்பலதாவிடம் அவள் சொல்லி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மழை விட்டபாடில்லை. ஃபேனுக்கு அடியில் தொங்கிய யூனிஃபார்ம் காயாமல் அழுதுகொண்டிருந்தது.

சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலில் மெக்கானிக்கின் பைக் வந்து நின்றது. ஓடுகிற மிஷினுக்கு எதற்கு மெக்கானிக்? பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று, உறைமோர் கேட்கிற சாக்கில் ஒரு கிண்ணத்தோடு உள்ளே போனாள் குணசுந்தரி.

மெக்கானிக் ட்ரையரைப் பிரித்துப் போட்டிருந்தார்.

“மேடம், ஒவ்வொரு தபாவும் துணி காஞ்சதும் இந்த ஃபில்டரை உருவி, பஞ்சைத் தட்டிடணும்.”

“தட்டிகினுதாங்க இருக்கேன்.”

“அப்போ இது இன்னாங்க?” உள்ளே கையை விட்டு, சிக்கும் சிடுக்குமாக ஒரு நூல் பந்தை இழுத்துப் போட்டார். “காத்து போற வழியை இது அடைச்சுகினு இருக்கு. அடைச்சா ஹீட்டர் ஆஃப் ஆயிடும். டிரம் மட்டும் சும்மா சுத்தும்.”

காலையில் உறுமியது அதுதானா! குணசுந்தரிக்கு முகம் சுண்டிவிட்டது.

மெக்கானிக் நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அட, பட்டு நூலு! மாந்துளிர் கலரு. இதைப் போயி யாருங்க உள்ள போட்டது? அடுத்து ஜெகநாதன் முதலாளி வூட்டுக்குத்தான் போறேன். சொன்னா வுழுந்து வுழுந்து சிரிப்பாரு.”

குணசுந்தரி எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுத் தறியில் ஓடுகிற அதே நூல். பச்சையப்பனுக்குப் பட்டு கொடுக்கிற முதலாளியே ஜெகநாதன்தான். அந்த மாந்துளிர் நூலைத் தினமும் தறிக்குத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறவள் இவள். போன வாரம் இவள் கண்ணமங்கலத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று ஓடு ஒழுகித் தறி மேலெல்லாம் தண்ணீர். திரும்பி வந்து பார்த்தால் ஒரு கழி நூலைக் காணோம். “எலி இழுத்துகினு பூடுச்சு” என்று சாமி மேல் சத்தியம் பண்ணினான் பச்சையப்பன். இவளும் நம்பி எலிப்பொறி வாங்கி வைத்தாள்.

நனைந்த பட்டைப் பச்சையப்பன் இந்த மிஷினில் போட்டுப் பாழாக்கிய சேதி முதலாளிக்குத் தெரிந்தால், நெய்யக் கொடுக்கிற அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

“நான்தாங்க போட்டேன்” என்றாள் ஜெசி. “ஸ்கூல்ல பசங்களுக்குக் காட்டறதுக்கு வாங்கின நூலு. நனைஞ்சு போச்சு. புத்தி கெட்டுப்போயி உள்ள போட்டுட்டேன்.”

“படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணா எப்படி மேடம்? நெருப்பு புடிச்சிருந்தா இன்னா ஆவறது?”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினாள். கிண்ணத்தோடு நின்ற குணசுந்தரிக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மெக்கானிக் மிஷினை மூடி, சூடு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

“ஜல்தியா அஜித் யூனிஃபார்மைக் கொண்டாங்கக்கா” என்றாள் ஜெசி. “காலையில நீங்க கேட்டதும் மனசே கேக்கல. ஓடுதான்னு போட்டுப் பார்த்தேன், ஓடல. அப்புறம் போன் மேல போன் போட்டு இவரை வரவச்சேன்.”

குணசுந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க வூட்டு ஆளு பண்ண கூத்துக்கு நீங்க ஏன் டீச்சர் பேச்சு வாங்கணும்? எங்கிட்டயாவது காதும் காதும் வச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே?”

ஜெசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சொல்லலாம்னுதான் இருந்தேன்க்கா. அண்ணன்தான் கையெடுத்துக் கும்பிட்டாரு. ‘அவகிட்ட சொல்றதும் ஒண்ணு, ஆரணி பஸ் ஸ்டாண்டுல மைக் கட்டிச் சொல்றதும் ஒண்ணு டீச்சர்’னு!”