வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

மிதவைக் கம்பி டேங்குக்குள் எதிலோ மாட்டிக்கொண்டது.

ஷெட்டில் நின்ற காரின் பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் அவள் மண்டியிட்டிருந்தாள். பெட்ரோல் அளவைக் காட்டும் புது சென்சார், பாதி டேங்குக்குள், பாதி அவள் கையில். அழுத்தினால் கம்பி வளையும். வளைந்தால் மீட்டர் முள் பொய் சொல்லும்.

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது.

எல்லாம் முறைப்படிதான் செய்திருந்தாள். பேட்டரி வயரைக் கழற்றியாயிற்று. நான்கு கதவையும் திறந்து வைத்தாயிற்று. 'டேங்க் திறந்திருக்கிறது, நெருப்பு கூடாது' என்று அட்டையில் எழுதி வாசல் ஆணியில் மாட்டியும் ஆயிற்று. முதலாளி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

மூக்கு முழுக்க பெட்ரோல் வாடை.

பிறகு சாம்பிராணி வாடை.

இன்று வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது.

மஸ்தான் பாய். வாராவாரம் கடை கடையாகப் புகை போடுகிறவர். கனல் நிறைந்த சட்டியோடு ஷெட்டுக்குள் வந்துகொண்டிருந்தார்.

பிடித்திருந்ததை விட்டு எழ முடியாது. திறப்பை மூடவும் முடியாது.

"பாய், உள்ள வராதீங்க. வெளிய போங்க."

தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா வயது மனிதரிடம் அவள் இப்படிக் கத்தியதில்லை.

"பத்து வருஷமா போடுறாரு. என்ன ஆயிடுச்சு?" என்றார் முதலாளி.

ஆவதற்கு ஒரு தடவை போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். இவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்.

பாய் நின்றார். டேங்கைப் பார்த்தார். சட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு, திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறினார்.

அவள் சென்சாரை லேசாகத் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை கம்பி எப்படியோ விடுபட்டு உள்ளே இறங்கியது. ரப்பர் வளையத்தைப் பொருத்தினாள். மூடியை முறுக்கி இறுக்கினாள்.

கோபம் மட்டும் இறங்கவில்லை. எழுதி மாட்டியதைப் பார்க்காமல் அப்படியென்ன அவசரம் என்று பாயிடம் கேட்டுவிடவே வெளியே போனாள்.

வாசல் ஆணியில் முதலாளி பூமாலை மாட்டியிருந்தார். அட்டை அதற்குப் பின்னால் மறைந்திருந்தது.

பாய் எதிர்ப்பக்கம், பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் சட்டி. புகை இல்லை. கரித்துண்டுகள் தண்ணீரில் கிடந்தன.

"காத்து உன் பக்கமா அடிச்சுதும்மா. ஒரு பொறி பறந்தாலும் வம்புதானே."

அவள் தெருவைப் பார்த்தாள்.

இன்னும் இருபது கடைக்காவது அவர் புகை போட வேண்டியது பாக்கி இருந்தது.