தேர் நிற்காத வீடு

"அந்தம்மா வீட்டு வாசல்ல கோலம் போட்டிருக்கு, பாத்தியா?"

"யாரு, புனிதாவா? வெக்கமே இல்லலா. மாரியம்மன் படத்தக் குப்பத்தொட்டியில போட்ட கைதானே அது."

வேலிக்கு அந்தப் பக்கம் கலாதேவி யாரிடமோ சொன்னது, இந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த புனிதாவின் காதில் அப்படியே விழுந்தது. கோபம் வரவில்லை. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

கணவன் ஜெயபாலன் லோரியில் அடிபட்டுச் செத்த வருஷம் அவள் செய்த வேலை அது. அதோடு விடவில்லை. திருவிழா அன்று வாசலில் வந்து நின்ற தேரைப் பார்த்து, "கண்ணில்லாத ஒனக்கு இங்க என்ன வேல? போ" என்று ஊர் கேட்கக் கத்தினாள்.

ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு எல்லாரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்த பிறகும், வீட்டுக்கு வீடு தேர் நின்று அர்ச்சனை வாங்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அவள் கத்திய நாள் முதல் அவள் வீட்டில் மட்டும் நிற்பதில்லை.

கோபம் எப்போது தீர்ந்தது என்று அவளுக்கே தெரியாது. போன மாதம் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம். மகள் வலியில் துடித்தபோது, "மாரியாத்தா" என்று தன் வாயே கூப்பிட்டதைக் கேட்டுத் திடுக்கிட்டாள்.

இந்த வருஷத் திருவிழா அன்று மத்தியானம் சன்னாசி வந்தார். ஜெயபாலனின் அண்ணன். அவள் தேரை விரட்டியதிலிருந்து அவளோடு பேச்சே இல்லை. மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்காமல் ரோட்டிலேயே நின்றார்.

"அர்ச்சனத் தட்டு வாங்கி வச்சிருக்கியாம்?"

"ஆமா மாமா. இந்தத் தடவ..."

"உள்ள எடுத்து வை. தேரு நிக்காது. கமிட்டியில பேசியாச்சு."

"நீங்களும் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலையா மாமா?"

"சொல்ல என்ன இருக்கு? போன்னு சொன்ன. போயிட்டா."

மோட்டாரை முடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பொழுது சாயும்போது உறுமிச் சத்தம் நெருங்கியது. புனிதா தட்டை உள்ளே வைக்கவில்லை. கோலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தேர் நின்றால் ஆத்தா மன்னித்துவிட்டாள். நிற்காமல் போனால் இல்லை. அவ்வளவுதான்.

கலாதேவி வீட்டில் அர்ச்சனை முடிந்தது. ஆலயத் தலைவர் தனேஸ்வரன் வடத்துக்கு முன்னால் நின்று கையை வீசினார்.

"இங்க வேணாம். அடுத்த வீடு. இழுங்க."

தேர் நகர்ந்தது. அம்மன் முகம் அவளைத் தாண்டப் போனது. புனிதா தட்டை உயர்த்தினாள். "போயிடாத தாயே."

தேர் ஒரு குலுக்கலோடு நின்றது.

"என்னலா, இழுங்க."

"இழுக்கிறோம் தலைவரே. அசைய மாட்டேங்குது."

"காலையில யாரும் நாசி லெமாக் சாப்பிடலையா? சேர்ந்து இழுங்கப்பா."

வடம் விறைத்தது. உறுமிக்காரர்களும் வந்து கை கொடுத்தார்கள். தேர் இம்மி நகரவில்லை.

"ஆத்தா நின்னுட்டா," என்றது ஒரு குரல். கலாதேவிதான். கைகள் தலைக்கு மேல் கூப்பியிருந்தன. எங்கிருந்தோ குலவைச் சத்தம் எழுந்தது. தலைவரின் கை தானாகத் தாழ்ந்தது.

குருக்கள் அவர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து தட்டை வாங்கினார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா."

"புனிதா." மறுபடியும் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "புனிதா. சுவாதி நட்சத்திரம், சாமி."

தேங்காய் உடைந்தது. கற்பூரம் எரிந்தது. உறுமி தெருவையே அதிரவைத்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, புனிதா ரோட்டிலேயே மண்டியிட்டு, தலை தரையில் படக் கும்பிட்டாள்.

எழுந்திருக்க முகத்தைத் திருப்பியபோது தேரின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது.

பின்சக்கரத்துக்கு மறுபக்கம், யார் கண்ணிலும் படாமல் குந்தியிருந்த சன்னாசி, தான் செருகிவைத்த கட்டையை இரண்டு கையாலும் மெல்ல உருவிக்கொண்டிருந்தார்.