பூட்ஸைக் கழற்ற மாட்டார்

“அண்ணி, சொன்னாக் கேளுங்க. இந்த பூட்ஸோட அண்ணனை நாலு பேர் முன்னாடி காட்டினா நம்ம மானம் போயிடும்!”

மயில்சாமி பட்டு வேட்டிப் பையை மேஜைமேல் பொத்தென்று வைத்தார். டெக்சாஸ் காப்பெலிலிருந்து விடியற்கால ஃபிளைட்டைப் பிடித்து நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்து சேர்ந்தவர், இன்னும் ஒரு வாய்க் காபிகூடக் குடிக்கவில்லை. வந்ததும் வராததுமாக அண்ணியிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

“பூட்ஸைக் கழட்டற பேச்சே வேண்டாம் தம்பி,” என்றாள் மீனாக்ஷி.

கணவர் திருமூர்த்தியின் கட்டம் போட்ட சட்டைக்குக் கழுத்துப் பட்டன்வரை போட்டுவிட்டாள். தோளில் சிவப்பு சஸ்பெண்டரை முறுக்கு விழாமல் இழுத்து பேண்ட்டில் மாட்டினாள். ஜீன்ஸின் அடியை மடித்து, செர்ரிச் சிவப்பு பூட்ஸ் முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். ஸ்கின்ஹெட் உடுப்பு என்றால் அவருக்கு ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது.

திருமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. தம்பிக்கும் மனைவிக்கும் வழக்கு வந்தால் அவர் என்றைக்கு வாயைத் திறந்திருக்கிறார்!

“ஹால் கொள்ளாம ஆளு வரப்போகுது. உடுமலையில பங்காளிங்க மொத்தப் பேரும் வீடியோல பாக்கறாங்க. ஐயர் வேற வந்து உக்காந்தாச்சு. அறுபது வயசுல மொட்டையும் இந்தக் கோலமும் தேவையாங்கண்ணி? வேட்டி கட்டினா எவ்வளவு லட்சணமா இருக்கும்!”

“மொட்டை இன்னைக்குத்தான் உங்க கண்ணுல படுதாக்கும்?”

அந்த மொட்டைக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். கோயிலில் அதைப் பார்த்துவிட்டு “பழனியா, திருப்பதியா?” என்று கேட்காத ஆன்ட்டி கிடையாது. “ஜெர்சி சிட்டி,” என்பார் திருமூர்த்தி, சிரிக்காமல்.

“அதில்லைங்கண்ணி, கூகிள்ல போட்டுப் பாருங்க. ஸ்கின்ஹெட்னாலே நிறவெறி பிடிச்சவன், நம்ம மாதிரி ஆளுங்களைப் போட்டு அடிக்கறவன்னுதான் வருது. அண்ணன் ஆபீஸ்ல இருந்து எல்லா நிறத்து ஆளுங்களும் வர்றாங்க. என்ன நினைப்பாங்க?”

மீனாக்ஷிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“கூகிள் கிடக்கட்டும், என்னைக் கேளுங்க. லண்டன்ல ஜமைக்காவுல இருந்து வந்த கறுப்பர் வீட்டுப் பசங்களும், வெள்ளைக்காரத் தொழிலாளி வீட்டுப் பசங்களும் ஒண்ணா டான்ஸ் ஆடப் போனப்ப போட்ட உடுப்பு இது. வேலைக்குப் போற பூட்ஸு, துவைச்சுப் பெட்டி போட்ட சட்டை, அவ்வளவுதான். வெறி பிடிச்சவனுங்க பின்னால வந்து திருடிக்கிட்டானுங்க. உங்க அண்ணன் இந்த ஊருக்கு வந்த புதுசுல, இந்தியன்னு சொல்லி ரோட்ல போட்டு மிதிச்சாங்களே, அப்ப ஓடி வந்து தூக்கிவிட்டது யாரு? இதே மாதிரி பூட்ஸ் போட்ட டெரிக்தான். ‘திருடன் நம்ம சட்டையைப் போட்டுக்கிட்டான்னா, நாம வெறும் உடம்போட நிக்கணுமா மீனா?’ன்னு உங்க அண்ணன் கேப்பார். எங்கே, நீங்க பதில் சொல்லுங்க பாக்கலாம்.”

மயில்சாமி பிடித்த பிடியை விடாமல் வேட்டியைப் பையிலிருந்து எடுத்தார். “ஒரே ஒரு நாளுங்கண்ணி. எங்களுக்காக.”

“இந்த ஒரு நாளைத்தான் தம்பி அவரு என்கிட்ட கேட்டாரு. ‘நாலு பேர் கூடற அன்னைக்கு என்னை வேற யாரோவா ஆக்கிடாதே’ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டாரு. சரின்னுட்டேன். தலையே போனாலும் மாற மாட்டேன்.”

சொல்லிக்கொண்டே குனிந்து, பூட்ஸின் லேஸை இன்னொரு முறை இழுத்துக் கட்டினாள்.

வெளியே ஒரு கனத்த குரல் கேட்டது. “மூர்த்தி எந்த ரூம்? நான் அவனோட பிரதர்.”

மயில்சாமி திடுக்கிட்டுக் கதவைத் திறந்தார். ஆறடிக்கு மேல் உயரமான, வயதான கறுப்பர். மொட்டை, சஸ்பெண்டர், பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸ். கையில் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய ரோஜா மாலை.

“டெரிக்,” என்று அவர் கையை நீட்டினார். “நீங்க?”

“நானும்… பிரதர்தான்,” என்றார் மயில்சாமி. அந்தக் கையை அவரால் சட்டென்று விட முடியவில்லை. திரும்பி வந்து வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தார். “சரிங்கண்ணி. அண்ணன் இப்படியே இருக்கட்டும்.”

ஹாலில் ஐயர் மந்திரத்தை முடித்தார். ஒவ்வொருவராகத் திருமூர்த்தியின் முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். ஆபீஸ்காரர்கள் அவர் பூட்ஸையும் பார்த்தார்கள், பக்கத்தில் நின்ற டெரிக்கின் பூட்ஸையும் பார்த்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. வீடியோவில் ஒரு பங்காளி மட்டும், “என்னப்பா, பேண்ட்டு கட்டையா இருக்குது?” என்று கேட்டார். “அது அப்படித்தான் போடணும் சித்தப்பா,” என்று மயில்சாமியே பதில் சொன்னார். மீனாக்ஷிக்கு மனசு நிறைந்துபோனது.

அப்போதுதான் ஹால் மானேஜர் தயங்கித் தயங்கி அவளருகே வந்து, “மன்னிக்கணும் மேடம், பெட்டியை மூடறதுக்கு முன்னாடி பூட்ஸை மட்டும் கழட்டியாகணும், ரப்பரை நெருப்புக்குள்ள அனுப்ப எங்களுக்கு அனுமதி இல்லை,” என்றார்.

மீனாக்ஷி ஒரு கணம்தான் யோசித்தாள். கணவரின் சில்லிட்ட கால்களிலிருந்து பூட்ஸை உருவி, தன் செருப்பை உதறிவிட்டு அதற்குள் காலை நுழைத்து, லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து, “வாங்க தம்பி, பட்டனை நானே அமுக்கறேன்,” என்று தகன அறையை நோக்கி நடந்தாள்.