நாலாவது மாடிக்குக் கீழே இருபது நிமிஷம்

இந்தக் கதையைச் சொன்ன செக்ரட்டரியை நான் பல வருஷம் நம்பவில்லை. பொய் பேசுகிற மனிதர் அல்ல. ஆனாலும் எங்கேயோ உதைத்தது. நல்லதை நம்புகிற மனசு எனக்குத்தான் இல்லையோ என்று என்னையே திட்டிக்கொண்டதும் உண்டு. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

சாயங்காலம் ஆறரை. ஒன்பது மாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி, ஆபீஸ் முடிந்த களைப்போடு லிஃப்டுக்குள் நுழைந்தார். வீடு எட்டாவது மாடியில். ஆறே முக்காலுக்குத் தன் அறையில் தாழ் போட்டுக்கொண்டு சங்கக் கோப்புகளைப் பார்ப்பது அவர் வழக்கம். அப்புறம் இடியே விழுந்தாலும் அந்தக் கதவு திறக்காது.

கதவு மூடுகிற நேரத்தில் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக்கும் உள்ளே புகுந்தார். மூன்றாவது மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். நான்தான் நிறுத்தினேன்." மெக்கானிக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாவகாசமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இருபது நிமிஷம் ஆகும்."

"ரிப்பேரா?"

"ஆமா சார். லிஃப்டுக்கு இல்ல, எனக்கு."

செக்ரட்டரி அபாய மணியை அழுத்தினார். கம்மென்று இருந்தது.

"அதை அப்பவே கழட்டி வெச்சுட்டேன் சார்."

"உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்!"

"தாராளமா தூக்குங்க. இருபது நிமிஷம் கழிச்சுத் தூக்குங்க." மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "குடிப் பழக்கம் சார். விட்டுட்டேன். ஆனா டாண்ணு ஆறரைக்கு அது வந்து கூப்பிடும். தரையில நின்னா கால் தானா கடைக்குப் போயிடும். அந்தரத்துல தொங்கினா எங்க போறது?"

செக்ரட்டரி குனிந்து மோந்து பார்த்தார். கிரீஸ் வாடை மட்டும்தான்.

"நல்லாவே மோந்து பாருங்க சார். இந்தப் பெட்டிக்குள்ள எந்த வாசனையும் ஒளிஞ்சுக்க முடியாது."

செக்ரட்டரி வாயிலிருந்த பெப்பர்மின்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி, இருபது நிமிஷம் என்ன பண்ணுவே?"

"வேடிக்கை பார்ப்பேன். விரட்டினா மல்லுக்கு நிக்கும் சார். சும்மா பார்த்துட்டே இருந்தா அதுக்கே போரடிச்சுடும். இப்ப தொண்டையில இருக்கு, காயுது. இதோ நெஞ்சுக்கு வருது. உள்ளங்கை வேர்க்குது. உங்களுக்கு எங்க சார் இருக்கு?"

"எனக்கென்னய்யா? எனக்கு எங்கேயும் இல்ல!"

"சும்மா துணைக்குப் பாருங்க சார். தனியா பார்த்தா பயமா இருக்கு."

ஒரு மனுஷனின் வாழ்வே தன் கையில் என்றதும் செக்ரட்டரிக்கு மனம் இளகிவிட்டது. உள்ளங்கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, பேண்ட் கசங்காமல் அவரும் உட்கார்ந்தார். மெதுவாக மூச்சு விடச் சொன்னால் விட்டார். எண்ணச் சொன்னால் எண்ணினார்.

"உச்சிக்கு வந்துடுச்சு சார்... அசையாம இருங்க... இப்ப எறங்குது. தெரியுதா?"

"தெரியுது, தெரியுது," என்றார் செக்ரட்டரி, ஒத்தாசையாக.

மறுநாள் வேலைநீக்கக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் லிஃப்டில் ஏறினார்.

"இன்னைக்கு ஒருநாள் மட்டும் சார்," என்றார் மெக்கானிக்.

அந்த ஒருநாள் நூறு நாளாக நீண்டது. கடிதம் சட்டையோடு துவைபட்டுக் கூழாகிப்போனது. இன்னொரு லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்ததால் குடியிருப்பில் பெரிய சண்டை இல்லை. கேட்க வந்த ஒன்றிரண்டு பேரிடமும் செக்ரட்டரி நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு குடிகாரனைத் திருத்திட்டு இருக்கேன். உங்களால முடியுமா?"

செய்த புண்ணியத்துக்குப் பலனும் கைமேல் கிடைத்தது என்பது அவர் கட்சி. கோப்புப் பார்க்கிற வேலை எப்படியோ நின்றுபோனது. லிஃப்டை விட்டு வெளியே வந்தால் பசி வயிற்றைக் கிள்ளியது.

"என்னங்க, அதிசயமா எங்களோட உட்கார்ந்து சாப்பிடறீங்க! கன்னத்துல பிளாஸ்திரியைக்கூடக் காணோம். ஷேவ் பண்ணும்போது கை நடுங்கலையா?" என்றாள் மனைவி.

"பிளேடு மாத்திட்டேன்."

"அப்பா இப்பல்லாம் ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்றதில்லம்மா," என்றாள் மகள்.

அதற்கும் பிளேடுதான் காரணம் என்று சொல்ல வாயெடுத்து, சோற்றைப் போட்டுக்கொண்டார்.

நாலாவது மாதம் மெக்கானிக்குக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. வழியனுப்பப் போன செக்ரட்டரி, மெக்கானிக்கின் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "கவலையே படாதேம்மா. நூறு நாள் தாண்டிட்டார். இனிமே தொடமாட்டார்."

அந்த அம்மாள் விழித்தாள். "என்ன சார் நூறு நாள்? அவர் அந்தக் கருமத்தை விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சே! இப்பல்லாம் நெனப்புகூட வர்றதில்லன்னு சொல்வாரே!"

கதையை இந்த இடத்தில் நிறுத்தி, செக்ரட்டரி ஒவ்வொரு தடவையும் கொதிப்பார். "பார்த்தீங்களா அநியாயத்தை? தொண்டை காயுது, கை வேர்க்குதுன்னு என்னமா நடிச்சிருக்கான்! நூறு நாள் என்னை முட்டாளாக்கிட்டான் சார்!"

நானும் பல வருஷம் தலையாட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன். போன வாரம்தான் துணிந்து வாய்விட்டுக் கேட்டேன்.

"அவர் நடிச்சார், சரி. அந்த லிஃப்டுக்குள்ள நெஜமாவே தொண்டை காய்ஞ்சது யாருக்கு சார்?"