கியர் எண்ணெய்

“திரும்பவும் நிப்பாட்டுறீங்களா காக்கா? இது வேனா, மாட்டு வண்டிலா?”

மஜீட்டுக்கு டிரைவர் காக்கா மேல் எரிச்சல் தாங்கவில்லை. கல்முனையிலிருந்து விடிய சுபஹ் தொழுகையோடு புறப்பட்டது. கண்டி டொக்டர் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு இருக்கமாட்டார். வேனோ மலையில் நின்று நின்று ஏறுகிறது.

“ஓட்டோ கியர் தம்பி. ஏத்தத்தில கியர் எண்ணெய் கொதிச்சிரும். கொஞ்சம் ஆறட்டும்,” என்றபடி டிரைவர் ஜவாத் ஒரு சாப்பாட்டுக் கடையோரம் நிறுத்தி பொனட்டைத் திறந்தார். “உம்மா, நீங்களும் இறங்கி காலாறிட்டு வாங்க. நேரம் எடுக்கும்.”

மஜீட்டின் மாமி சுபைறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிக் கடைக்குள் போனார். சிறுநீரக நோய். துணைக்கு மகள், மஜீட்டின் மனைவி நதீராதான் வந்திருக்க வேண்டும். அவள் பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாததால் மருமகன் வந்திருந்தான். மாமியின் வீட்டிலேயே குடியிருக்கும் மருமகன்தான். ஆனாலும் மாமி அவனிடம் நேரே எதையும் கேட்டதில்லை. எல்லாம் நதீரா வழியாகத்தான்.

“ஒரு கூலர் போட்டா எண்ணெய் சூடாகாதே? கஞ்சத்தனம் பாக்கிறவர் நோயாளிய ஏத்தப்படாது.”

மாமி திரும்பி வந்ததும் ஜவாத் பொனட்டை மூடினார். அதற்குப் பிறகும் இரண்டு தரம் நிறுத்தினார். எப்படியோ, டொக்டர் புறப்படுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

மாமியை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு, மஜீட் விடாப்பிடியாக வேனைப் பக்கத்துக் கராஜுக்குக் கொண்டுபோகச் செய்தான்.

“இதுக்கு கியர் எண்ணெய்க் கூலர் ஒண்டு போடுங்க பாஸ்.”

மெக்கானிக் பாஸ் குனிந்து பார்த்தார். “புதுக் கூலரே இருக்கே, நல்ல பெரிசு. இதோட நுவரெலியா மலைக்கும் நிக்காமப் போகலாம்.”

மஜீட் ஜவாத்தை முறைத்தான். “அப்ப வழி நெடுக பொய்யா?”

ஜவாத் அவனைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய் மெல்லச் சொன்னார்.

“போன பயணத்தில உம்மா ஒரு முடறு தண்ணி குடிக்கல்ல தம்பி. குடிச்சா இடையில பாத்ரூமுக்கு இறங்கணும். மருமகனுக்கிட்ட அத எப்படிக் கேக்கிற? ஆஸ்பத்திரி வாசல்ல மயங்கி விழுந்தாங்க. தண்ணி குடிக்காமதான் நோய் கூடினதெண்டு டொக்டர் சொன்னாரு. நீங்க வேனுக்குள்ள இருந்தே போன்ல நதீராவுக்கு ஏசினீங்க, ‘உன்ட உம்மாக்கு தண்ணி குடிக்கவும் தெரியாதா’ எண்டு. பின்னால அவங்க அழுதுட்டிருந்தாங்க.”

மஜீட்டுக்கு முகம் சுண்டிப்போனது. “எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே காக்கா?”

“சொன்னா, பிறகு அவங்க உங்கட முகத்த எப்படிப் பாப்பாங்க? வேனுக்கென்ன வெக்கம்?”

திரும்பும்போது மலை இறங்கி முடிந்தது. மகியங்கனை தாண்டி, மேடு பள்ளமில்லாத ரோட்டில் வேன் சீராக ஓடியது. பின்சீற்றில் மாமி தண்ணீர்ப் போத்தலை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமலே மூடி வைப்பதைக் கண்ணாடியில் மஜீட் கண்டான்.

தூரத்தில் ஒரு பள்ளிவாசல் தெரிந்தது.

“காக்கா,” என்றான், பின்னால் கேட்கும்படியாக, “கியர் எண்ணெய் கொதிச்சிருக்கும். அதில கொஞ்சம் நிப்பாட்டுங்க.”